மழைக்கு மட்டும் வரும் பாஸக்கா

பாஸக்கா எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் ஒருநாள்கூட அவர் நனையாமல் வந்து நான் பார்த்ததில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "அங்க வெயிலா சார்?" என்பதுதான். ஆமாம் என்றால், "அப்ப வரமாட்டேன். மழை வந்தா நானே வாறேன்" என்று வைத்துவிடுவார். மழையைச் சாட்டி வேலைக்கு வராத ஆட்களை கண்டிக்கு அடுத்த வத்தேகமப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெயிலைச் சாட்டி வராமல் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

கட்டட வேலை தெரிந்தவர்களை எங்கள் ஊரில் பாஸ் என்போம். இவர் பெண்ணாகப் போனதால் பாஸக்கா. சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் உட்கார்ந்து மற்றவர்களின் பெயரை வாசித்தே சம்பளம் வாங்கியவனுக்கு இந்த ஒரு பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கலாமென்றால் ஆள் பக்கத்தில் இல்லை.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கை, அந்தத் தார்ப்பாய்த் துண்டை, இவர் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்திக்கொண்டு வருவார். ஒரு கையில் சாந்துக் கரண்டி. மறு கையில் விளிம்பு உடைந்த சிவப்பு வாளி. மழை எட்டாத இடங்களுக்கு அந்த வாளி. குளியலறைத் தரையில், யன்னல் விளிம்பில், குசினி அடுப்பு மூலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பார். டெலி நாடகம் பார்க்கிற ஆட்களைப் போல வாய் இலேசாகத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. நான் பேசுவேன். அதற்குத்தான் அவர் என்னை முறைக்கத் தொடங்கினார்.

வீட்டை நாங்கள் விற்கவேண்டியிருந்தது. வத்தேகமவுக்குப் போகிற வீதியோரம் ஒரு மேட்டில் இருந்த வீடு. வீதியிலிருந்து வாசலுக்கு ஐம்பத்துநான்கு படி. வாங்கிய காலத்தில் அதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். "ஆளைக் கீழே கண்டதும் கேத்தலை அடுப்பில் வைத்தால், மூச்சு வாங்கிக்கொண்டு அவர் மேலே வரத் தேத்தண்ணி ரெடி" என்பேன். இருபது வருடம் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை.

மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் படிப்பிக்க வந்து என்னிடம் மாட்டிக்கொண்டவர். ஒபரேஷனுக்குப் பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு சமதரையில் நடப்பார். படி முடியாது. கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் அயலில் நாலு பேர் வந்து அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போவேன். மூன்றாம் முறை இறங்கி ஏறியதும் அவர் சொன்னார், "இஞ்சேருங்கோ, இனி நான் தேர்த்திருவிழா மாதிரி இறங்கமாட்டன். அவங்கட தோள் நடுங்கிறது எனக்குத் தெரியுது. ஒருத்தன்ர கால் சறுக்கினா அஞ்சு பேரும் போயிடுவம்."

அதற்குப் பிறகு இரண்டு கிளினிக் தவறிவிட்டது. ஏழு மாதமாக அவருக்கு உலகம் என்பது முன் யன்னல்தான்.

கண்டிக்கு மறுபக்கம் பிலிமத்தலாவையில் தெரிந்த ஒருவரின் வீடு விலைக்கு வந்திருந்தது. கேட்டிலிருந்து கட்டில்வரை ஒரு படிகூடக் கிடையாது. மாத முடிவுவரைக்கும் வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று அந்த மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் எங்கள் வீட்டை யாராவது கேட்டு வந்து விலை பேசிக் கைகொடுக்க வேண்டும். எனக்கு இருந்தது இருபத்தாறு நாள்.

"கொஞ்சம் திருத்தி வைங்க சார். கண்ணைப் பறிக்கணும்" என்றார் தரகர். அவர் ஒரு வார்த்தையாகத்தான் சொன்னார். நான் அதை ஒரு வாழ்க்கை இலட்சியமாக எடுத்துக்கொண்டேன்.

முன் விறாந்தைக்குப் பளபளப்பான டைல்ஸ் போட்டேன். மழை நாளில் அதில் நடந்தால் என் மனைவிக்கு நேர்ந்தது ஊரில் எல்லோருக்கும் நேரும் என்று பின்னர்தான் தெரிந்தது. சுவருக்கு இளம்பச்சை அடித்தேன். கடையில் இளநீர் நிறமாக இருந்தது, சுவரில் கிளி நிறமாக வந்தது. இவை எல்லாம் சின்னக் குற்றங்கள். பெரிய குற்றம் பின்பக்கத்தில்.

வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய இடத்தில் மண்ணைத் தாங்கிக்கொண்டு ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே கருங்கல் சுவர் ஒன்று இருந்தது. சுவரில் வரிசையாக ஓட்டைகள். மழைக்காலத்தில் அவற்றிலிருந்து கறுத்த தண்ணீர் வழியும். ஓட்டைக்குக் கீழெல்லாம் பாசி. சுவரடியில் ஒரு கான், அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கும். கானுக்கும் வீட்டுக்கும் இடையில் மூன்றடி இடைவெளி. அந்த மூன்றடிக்கு அப்பால் எங்கள் பின்னறை.

வீடு பார்க்க வருகிறவன் இந்த அழுக்கையா பார்ப்பது? தொலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நானே சீமெந்து குழைத்தேன். ஒழுகுகிற ஓட்டைகளையெல்லாம் அடைத்தேன். கருங்கல் தெரியாமல் பூசி மெழுகி வெள்ளை அடித்தேன். கானுக்கு மேலே கொங்கிரீட் போட்டு அதிலும் டைல்ஸ் பதித்து, இரண்டு பூச்சாடி வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நாளுக்கு மூன்று தடவை போய் நின்று பார்த்து ரசித்தேன். ஒழுகல் நின்றுவிட்டதே.

பத்தாம் நாள் பின்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை வந்தது. அதற்கும் ஒரு பெயின்ட் விற்கிறார்கள். வாங்கி அடித்தேன். மனைவி யன்னலடியில் இருந்தபடியே மரக்கறி விற்கிற பெண்ணிடம் ஓர் ஆளின் நம்பர் வாங்கினார். அப்படித்தான் ஒரு புதன்கிழமை அடைமழையில், படங்குக்குள் முகம் மட்டும் தெரிய, பாஸக்கா ஐம்பத்துநான்கு படி ஏறி வந்தார்.

முன் விறாந்தை டைல்ஸை அவர் பார்க்கவில்லை. வழுக்காமல் தாண்டினார், அவ்வளவுதான். கிளிப்பச்சையையும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய் என் வெள்ளைச் சுவருக்கு முன்னால் மழையில் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் குடைக்குள்ளிருந்து பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"எவன் சார் இதப் பூசுனது?"

"ஏன், நல்லா இல்லையா?"

"எவன்னு கேட்டேன்."

"நான்தான். சும்மா இருக்கிற நேரத்துல..."

"இதுல ஓட்ட இருந்திருக்குமே. என்னா செஞ்சீங்க?"

"ஒழுகிச்சு. அடைச்சிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், மனுசனுக்கு ஒண்ணுக்குப் போற எடத்த அடைச்சா அவன் என்னா ஆவான்?"

தபால் கந்தோரில் இதைவிடக் கடினமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குக் குடையை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் சுவரின் நடுப்பகுதியைக் கரண்டியின் காம்பால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. சுவர் அங்கே இலேசாக வெளியே தள்ளியிருப்பதை அப்போதுதான் நானும் கண்டேன்.

"முழுகாம இருக்கு" என்றார். "மாசம் ஏறிக்கிட்டே போகுது."

பின்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் பெயின்ட் அடித்த சுவரைக் காட்டினார்.

"கைய வைங்க சார்."

வைத்தேன்.

"என்னான்னு வாயத் திறந்து சொல்லுங்க."

"புது மாப்பிள கை மாதிரி இருக்கு பாஸக்கா."

"சிரிக்காம."

"குளிர்ச்சியா இருக்கு."

"குளிர்ச்சின்னு நான் கேக்கல. ஈரமா, காஞ்சிருக்கா?"

அவருடைய தொழில் முறையே அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்காரன் தன் கையைத் தன் சுவரில் வைத்து, என்ன இருக்கிறது என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லும்வரை கரண்டியைத் தொடமாட்டார். கலகெதரவில் ஒரு கடை முதலாளி வீட்டில், கூரைப் பலகையில் இருந்த கறையை "அது பழசு" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஏணியில் ஏறிக் கையை வைத்துச் சொல்லுங்கள் என்று இவர். முதலாளி கனத்த ஆள், ஏறமாட்டேன் என்றிருக்கிறார். பாஸக்கா ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு பின்னேரம் வரை எழும்பவில்லை. முதலாளி தேத்தண்ணி கொடுத்தார், வடை கொடுத்தார், சத்தம் போட்டார், கடைசியில் ஏறினார். மேலே இருந்தபடி "ஈரம்" என்று அவர் கத்தியது பக்கத்துக் கடைவரை கேட்டதாம். இறங்கி வந்தபோது பாஸக்கா ஏற்கெனவே ஓடு பிரிக்கத் தொடங்கியிருந்தார்.

நான் அந்த முதலாளியைவிட மெலிந்தவன். ஆனால் நாக்கு கனம். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பூச்சை உடைக்கவேண்டும், டைல்ஸைப் பெயர்க்கவேண்டும், நாலு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறது. மாத முடிவுக்கு ஒன்பது நாள்.

"மழைக்காலம்தானே பாஸக்கா. எல்லாச் சுவரும் இப்பிடித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை கழியட்டும்..."

அவர் வாளியை எடுத்தார். "விக்கிறவங்க காட்டுறதுக்காகத் திருத்துறீங்க. வாங்குறவன் இதுல படுத்துத் தூங்கத்தானே வாறான். நீங்க சொல்ற அன்னைக்கு வாறேன் சார்."

படியில் அவர் இறங்குவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டார். "ஏன் சொல்லேல்ல?"

"என்னத்த?"

"ஈரமெண்டு."

"சொன்னா ஞாயித்துக்கிழமை போயிரும். பிலிமத்தலாவையும் போயிரும்."

வேறு நாளென்றால் வகுப்பில் நிறுத்தி வைப்பதுபோல் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டிருப்பார். அன்று முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் போகவேண்டும். அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நிம்மதிதான் கொஞ்சம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் அப்படி அடித்தது. கண்டி வானமே எனக்குத்தான் வேலை பார்க்கிறது என்று நினைத்தேன். பின்னறையில் சாம்பிராணி போட்டேன். கறை இருந்த இடத்தில் அலுமாரியை நகர்த்தி வைத்தேன். பதினொரு மணிக்கு வந்தார்கள், கண்டியில் வங்கியில் வேலை செய்கிற ஓர் இளைஞன், அவன் மனைவி, தோளில் ஆறு மாதக் குழந்தை. நல்ல பிள்ளைகள். படி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. டைல்ஸ் அழகு என்றார்கள். பின்பக்கப் பூச்சாடிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். என் பகிடிகளுக்கெல்லாம் சிரித்தார்கள்.

பின்னறைக்குள் வந்ததும் அந்தப் பெண், "இது ரொம்பக் குளுகுளுன்னு இருக்குங்க. பாப்பா ரூமு இதுதான்" என்றாள். தூங்கிவிட்ட குழந்தையை அங்கேயே தரையில் துண்டை விரித்துப் படுக்கவைத்தாள். அலுமாரிக்குப் பக்கத்தில். அந்தச் சுவரோரம்.

மலைநாட்டு மழைக்கு முன்னறிவித்தல் கிடையாது. வெளிச்சம் ஒரு தடவை மங்கியது. பிறகு தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். இளைஞன் விலை பேசத் தொடங்கியிருந்தான். நான் கேட்டதற்குப் பக்கத்திலேயே நின்றான். இன்னும் அரை மணித்தியாலம் பொறு என்று மழையிடம் மனதுக்குள் கெஞ்சினேன். அப்போது பின்னாலிருந்து "டக்" என்று ஒரு சத்தம்.

"என்னாங்க அது?"

"பூனை" என்றேன். "எங்க வீட்டுப் பூனை நல்ல கனம்."

சிரித்தான். இரண்டாவது "டக்". இந்த முறை அவன் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும், அது பின்பக்க டைல்ஸ். அடியிலிருந்து ஏதோ அதைத் தூக்குகிறது.

வாசலில் யாரோ படங்கை உதறினார்கள்.

நான் கூப்பிடவில்லை. மனைவி கூப்பிட்டிருந்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. பாஸக்கா யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே பின்னறை வாசலுக்கு வந்து நின்றார். தரையில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அந்த மனுசி பயந்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"கைய வைங்க சார்" என்றார்.

இளைஞன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யாருங்க இவங்க?"

எனக்கு மூன்று பகிடி வந்தது. மூன்றும் நல்ல பகிடி. முன்கூடத்திலிருந்து பொல்லுச் சத்தம் கேட்டது. மனைவி எழும்பி நடந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய பிலிமத்தலாவையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், விட்டால் போய்விடும்.

"சொல்லுங்கோ" என்றார் மனைவி.

அலுமாரியைத் தள்ளினேன். கையை வைத்தேன். கையோடு பெயின்ட் வந்தது.

"ஈரம்" என்றேன். "பின்னால சுவர் தள்ளியிருக்கு. தண்ணி போற ஓட்டைய எல்லாம் நான்தான் அடைச்சேன். பிள்ளைய எடுங்க."

அந்தப் பெண் குழந்தையை எடுத்த வேகத்தில் துண்டு அங்கேயே கிடந்தது. குடைகூட விரிக்காமல் இருவரும் படியில் இறங்கினார்கள். பாஸக்கா மட்டும் வாசல்வரை போய் அவர்களுக்குப் பின்னால் ஏதோ சொன்னார். மழையில் எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்த பாஸக்கா வேறு ஆளாக இருந்தார். "டீச்சர், நீங்க முன்னுக்கு வாங்க. சார், அந்தக் கதிரையத் தூக்குங்க." மனைவியைத் தோளோடு அணைத்து முற்றத்து ஓரத்துக்குக் கூட்டிப்போய்ப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கையில் குடையைக் கொடுத்தார். "நான் சொல்ற வரைக்கும் வீட்டுக்குள்ள யாரும் காலு வைக்கக்கூடாது."

பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார். நேரே நிற்கவில்லை. ஒரு பக்கமாக, ஓடுவதற்குத் தயாராக, ஒரு காலைப் பின்வாசல் படியில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். "சத்தம் கேட்டா என்னையப் பாக்காதீங்க. டீச்சர்கிட்ட ஓடுங்க."

நான் பூசிய பூச்சு நன்றாகப் பூசப்பட்டிருந்தது. அந்த வீட்டில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். பதினைந்து தட்டு, இருபது தட்டு. உளி உள்ளே போகவில்லை. சுவரின் வயிற்றிலிருந்து மணல் உதிர்ந்தது. எங்கோ மேலே ஒரு கல் முனகியது. கல் முனகும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். கடைசி ஓரத்து ஓட்டை திறந்ததும் பாஸக்கா பக்கவாட்டில் பாய்ந்தார். என் முழங்கை மொத்தத்துக்குச் சேறும் தண்ணீருமாக ஒரு பாய்ச்சல், எதிரிலிருந்த வீட்டுச் சுவரில் போய் மோதியது. இரண்டாவது ஓட்டை. மூன்றாவது. டைல்ஸை அவர் கடப்பாரையால் பெயர்த்தபோது பூச்சாடி இரண்டும் கானோடு போயின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை விட்ட பிறகும் வெகுநேரம் அந்த ஓட்டைகள் பாய்ந்துகொண்டிருந்தன. பிறகு வழிந்தன. பிறகு சொட்டின.

பாஸக்கா சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் மனைவியிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மனைவி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். கல்யாணமான சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், அவர்களுடைய காம்பரா அறைக்குப் பின்னாலும் மண்மேடு. ஒரு மழை நாளில் புருஷன் படுத்தபடியே கேட்டிருக்கிறார், சுவர் ஈரமா என்று. இவர் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். மழையில் பாயைத் தூக்கிக்கொண்டு அலையச் சோம்பல். "குளிருது, அவ்வளவுதான்" என்றிருக்கிறார். அன்றிரவு மேடு சரிந்து சுவர் விழுந்தது. அதன்பிறகு புருஷன் ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாராம்.

நான் அன்று இரவு முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. மனைவி காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்.

அடுத்த நாலு நாளும் மழை. நாலு நாளும் வந்தார். தள்ளியிருந்த கற்களைக் கழற்றி அடுக்கினார். ஓட்டைகளுக்குள் குழாய்த் துண்டு வைத்தார். கானைத் திறந்து சரிவு பார்த்தார். கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலியைக் கழுவி நிமிர்த்தினார். விறாந்தை டைல்ஸைக் கரடுமுரடாகக் கொத்திவிட்டார், எனக்கு நெஞ்சைக் கொத்தியது போலிருந்தது. பாசி வழிகிற சுவருக்கு ஒரு பூச்சு வெள்ளையாவது அடிப்போமே என்றேன்.

"அதோட வாய் சார் அது. வாய்க்கு எதுக்குப் பெயின்ட்? ஏற்கனவே ஒரு வாயி வச்சிக்கிட்டு நாங்க படுற பாடு போதும்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. என் பகிடிக்கு இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மாதம் முடிந்தது. பிலிமத்தலாவை வீட்டுக்காரர் வருத்தத்தோடு தொலைபேசியில் சொன்னார், வேறு ஆள் கேட்டுவிட்டார்களாம். மனைவி "ஓம், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு யன்னலடியில் போய் இருந்தார். அவர் தோளைப் பார்த்துக்கொண்டு நான் குசினியில் நின்றேன்.

பதினொரு நாள் கழித்து, கொட்டுகிற மழையில், படியில் இரண்டு குடைகள் ஏறி வந்தன. அந்த வங்கி இளைஞனும் மனைவியும். குழந்தையை வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். நேரே பின்னறைக்குள் போனார்கள். பாஸக்கா அன்று மழையில் கத்தியது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. "மழ பேயிற நாளாப் பாத்து வந்து கைய வைங்க."

அந்தப் பெண் சுவரில் கையை வைத்தாள். உள்ளங்கையை வைத்தாள், பிறகு புறங்கையை, பிறகு கன்னத்தை வைத்தாள்.

"காஞ்சிருக்குங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

அவன் என்னிடம் திரும்பினான். "எட்டு வீடு பாத்துட்டோம் சார். எல்லாரும் டைல்ஸத்தான் காட்டுனாங்க. பிள்ளைய எடுங்கன்னு நீங்க மட்டும்தான் சொன்னீங்க."

நான் சொல்லவில்லை, சொல்லவைக்கப்பட்டேன் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். மனைவி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற நாள் நல்ல வெயில். அதனால் பாஸக்கா வரவில்லை. நாலு பேர் மனைவியைக் கடைசித் தடவையாகக் கதிரையில் தூக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அவர் கண்ணை மூடித் திறந்தார். கீழே வந்ததும் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அதில் ஒரு மேகம்கூட இல்லை.

இப்போது பிலிமத்தலாவையில் வேறொரு வீடு. கடைத்தெருவுக்குப் பின்னால், தட்டையான ஒரு சந்து ஒழுங்கை. மனைவி பொல்லோடு தானே நடந்து போய், கேட்டடியில் நிற்கிற ஆட்டோவில் ஏறிக் கிளினிக்குக்குப் போகிறார். ஒன்றும் தவறவில்லை. இந்த வீட்டை நான்தான் போய்ப் பார்த்து முடித்தேன். ஒரே ஒரு தடவை பார்த்தேன். உச்சி வெயிலில்.

வந்த மூன்றாம் வாரம் மழை வந்தது. பாஸக்காவின் நம்பருக்கு எடுத்தேன். பாவனையில் இல்லை என்றது. வத்தேகமவில் அந்த மரக்கறிப் பெண்ணிடம் விசாரித்தேன். மகளோடு வவுனியாப் பக்கம் போய்விட்டாராம். அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் வெயில் கொளுத்தும் என்று கேள்வி. அவர் எப்படித்தான் வேலைக்குப் போகிறாரோ.

அவருடைய சிவப்பு வாளி எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது. மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா, தெரியாது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ" என்று அடுத்த மழை நாளில் மனைவி பின்னறையிலிருந்து கூப்பிட்டார். போனேன். சுவருக்குப் பக்கத்தில் ஒரு கையில் பொல்லும் மறு கையில் வாளியுமாக நின்றார்.

"கையை வையுங்கோ."

வைத்தேன். நாக்கு நுனியில் ஒரு பகிடி வந்து நின்றது.

"சொல்லுங்கோ."

"ஈரம்" என்றேன்.

மனைவி தலையை ஆட்டிவிட்டு வாளியை என்னிடம் தந்தார். "பின்பக்கம் போய் மழை எட்டாத இடத்தில ஊத்துங்கோ. நான் உள்ளுக்க நிண்டு பாக்கிறன், எதால வருகுதெண்டு."

குடையை எடுக்கப் போனேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டு, நனைந்தபடியே பின்பக்கம் போனேன்.